உணவுப் பாதுகாப்புச் சட்டம் சிறு பண்ணையை எந்த அளவுகோலால் அளக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கிருமி கலந்த உணவால் மக்கள் நோயுற்ற செய்தி வெளிவரும்போதெல்லாம், சட்டத்தை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்ற குரல் மறுநாளே எழுந்துவிடுகிறது. அந்தக் குரலில் தவறில்லை. உண்பவரின் உயிரைவிட உழவரின் வசதி பெரிதன்று என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் இப்படிக் கடுமையாக்கப்படும் விதிகள் பெரும்பாலும் ஆயிரம் ஏக்கர் பண்ணையையும் விளைபொருளைக் கழுவிப் பெட்டிகளில் அடைத்து நாளொன்றுக்குப் பல டன் கையாளும் பொதிகூடத்தையும் மனத்தில் வைத்து எழுதப்படுபவை. மூன்று ஏக்கரில் முப்பது வகைப் பயிர் வைத்திருப்பவர்மேல் அவை வந்து விழும்போது என்ன ஆகிறது என்பதை யாரும் பேசுவதில்லை. சிறு உழவர்களுக்கும் இயற்கை வேளாண்மை செய்வோருக்கும் பண்ணைப் பதிவேடுகளை ஒழுங்குபடுத்தவும் சான்றுக்கு விண்ணப்பிக்கவும் உதவும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், அந்த விடுபட்ட பக்கத்தைப் பற்றித் தங்கள் வாசகர்களோடு சிலவற்றைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் செலவு. மற்றச் சிக்கல்கள் பலவும் அங்கிருந்துதான் கிளைக்கின்றன. பாசன நீர்ப் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளலாம். நுண்ணுயிர் நீக்கிய புட்டியை வாங்கி, மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் நீரைப் பிடித்து, பனிக்கட்டி வைத்த பெட்டியில் அடுக்கி, சில மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் ஒப்படைக்க வேண்டும். தாமதமானால் புட்டிக்குள்ளேயே கிருமிகள் பெருகியோ மடிந்தோ எண்ணிக்கை மாறிவிடும். வந்த மாதிரியை வாங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆய்வுக்கூடம் பக்கத்தில் இல்லாத உழவருக்கு அன்றைய நாள் போயிற்று. அந்தக் கிணறு அரை ஏக்கருக்குப் பாய்கிறதா ஐநூறு ஏக்கருக்குப் பாய்கிறதா என்பது கட்டணச் சீட்டில் எங்கும் வராது. இருவருக்கும் ஒரே தொகைதான். ஐநூறு ஏக்கர்காரர் அதைத் தம் கணக்கில் கவனிக்கக்கூட மாட்டார். அரை ஏக்கர்காரருக்கோ அது அந்தப் பருவத்தின் விதைச் செலவோடு போட்டியிடும் தொகை.

பயிற்சி, பதிவேடு, கழிவறை, கைகழுவும் வசதி, பொதிகூடத் தரை, தணிக்கையாளரின் பயணப்படி என்று எதை எடுத்தாலும் கதை ஒன்றுதான். அமெரிக்க வேளாண் துறையின் பொருளாதார ஆய்வுப் பிரிவு 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், காய்கனிப் பாதுகாப்பு விதிக்கு இணங்குவதற்கான செலவு மிகச் சிறு பண்ணைகளுக்கு விற்பனையில் 6 விழுக்காட்டுக்கு மேல் போகிறது. மிகப் பெரிய பண்ணைகளுக்கு அது 1 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. வேளாண்மையில் மிஞ்சும் இலாபம் எவ்வளவு என்று அறிந்தவர்களுக்கு, விற்பனையில் 6 விழுக்காடு என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஒரே பயிரை மைல் கணக்கில் பயிரிடும் பண்ணைக்கு கிருமி வரும் வழிகளைக் கண்டறிந்து தடுக்கும் ஒரே இடர்த் திட்டம் போதும். மண்ணின் நலம் கருதி முப்பது பயிரைக் கலந்தும் சுழற்றியும் வைப்பவருக்கு, வேர்க்காய்க்கு ஒன்று, தரையில் படரும் கொடிக்கு ஒன்று, பச்சையாக உண்ணும் இலைக்கு ஒன்று என்று திட்டங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. பன்மையை வளர்க்க வேண்டும் என்று அரசின் ஒரு துறை ஊக்கத்தொகை கொடுக்கும். அந்தப் பன்மையின் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனிப் பதிவேடு கேட்டு இன்னொரு துறை நோட்டீஸ் அனுப்பும். ஒரு காலைப்பொழுதில் ஆறு வகைக் காய்கறி பறிக்கும் பண்ணையில், பறித்த நேரம், பாத்தி எண், பறித்தவர் பெயர், பெட்டி கழுவிய நேரம், நீரின் நிலை என்று ஆறு வரிசை நிரப்ப வேண்டும். அதைப் பெரும்பாலும் இரவு விளக்கடியில் உட்கார்ந்து நினைவிலிருந்துதான் நிரப்புகிறார்கள். நினைவிலிருந்து நிரப்பிய பதிவேடு யாருக்குப் பயன்படும் என்று நான் அதிகாரிகளிடம் கேட்டதுண்டு. இதுவரை நேரான பதில் கிடைத்ததில்லை.

இந்த விதிகளின் பிறப்பைப் பார்த்தால் இந்தப் பொருத்தமின்மை வியப்பளிக்காது. இன்றைய உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின் முதுகெலும்பு, இடர்களை முன்கூட்டியே கண்டறிந்து முக்கியக் கட்டங்களில் கட்டுப்படுத்தும் ஹெச்ஏசிசிபி என்ற முறை. விண்வெளி வீரர்களுக்குப் பழுதற்ற உணவு தயாரிப்பதற்காக, நாசாவும் அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடமும் பில்ஸ்பரி நிறுவனமும் 1960-களில் சேர்ந்து உருவாக்கியது அது. உணவுத் தரங்களை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான கோடெக்ஸ் 1993-இல் அதற்கான வழிகாட்டுதல்களை ஏற்றது. தொழிற்சாலைக்கு அது மிகச் சிறந்த முறை என்பதில் ஐயமில்லை. இந்த வெப்பத்தில் இத்தனை நிமிடம் என்று வகுத்துவிட்டால் கிருமி மடியும், கருவி அதைப் பதிவுசெய்யும். வயலில் கொதிகலன் இல்லை. பச்சையாக உண்ணும் இலைக்குக் கிருமியைக் கொல்லும் கட்டம் என்று ஒன்றே கிடையாது. பறவை பறக்கும், மழை பெய்யும், பக்கத்து மேய்ச்சல் நிலத்திலிருந்து நீர் வழிந்து வரும். ஐரோப்பிய ஒன்றியம் தன் 2004-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார ஒழுங்குமுறையில் வயலில் நடக்கும் முதல்நிலை உற்பத்திக்கு இந்த முறையைக் கட்டாயமாக்காமல், பொதுவான தூய்மை நெறிகளோடு நிறுத்திக்கொண்டது இதை உணர்ந்துதான் என்று கருதுகிறேன்.

இயற்கை வேளாண் பண்ணைகளின் நிலைமை இன்னும் நெருக்கடியானது. அவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு சட்டங்களுக்குக் கட்டுப்பட்டவர்கள். அந்த இரண்டும் சில இடங்களில் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. எருவின் கதையே இதற்குப் போதும். அமெரிக்க அங்கக (அதாவது இயற்கை வேளாண்) விதிகளின்படி, மட்காத எருவை மண்ணில் சேர்த்தால், மண்ணைத் தொடும் விளைபொருளுக்கு 120 நாளும், தொடாததற்கு 90 நாளும் கழித்தே அறுவடை செய்யலாம். 2011-ஆம் ஆண்டு சனவரியில் கையெழுத்தான அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு நவீனமாக்கல் சட்டம், அங்ககச் சான்று பெற்ற உற்பத்தியில் அங்ககத் திட்டத்தோடு முரண்படும் நிபந்தனைகளை விதிக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்லியிருந்தது. இருந்தும் 2013-இல் வெளிவந்த விதி வரைவு, மட்காத எருவுக்கும் அறுவடைக்கும் இடையே ஒன்பது மாத இடைவெளி வேண்டும் என்றது. ஒன்பது மாதம் என்றால் பல பயிர்களுக்கு ஒரு பருவம் முழுவதும் நிலம் சும்மா கிடக்க வேண்டும். செயற்கை உரத்தைத் தொடாத உழவருக்கு அது மண்ணைப் பட்டினி போடச் சொல்வதற்குச் சமம். உழவர்கள் எதிர்த்தார்கள். 2014-இல் அந்த நிபந்தனை ஒத்திவைக்கப்பட்டது. செயற்கை உரம் போட்டு விளைவிப்பவர் இந்தச் சண்டையில் ஒரு கடிதம்கூட எழுத வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கழுவும் நீரிலும் இதே இழுபறி. கிருமியைக் கட்டுப்படுத்தக் கழுவும் தொட்டியில் குளோரின் வேண்டும் என்பது பாதுகாப்புத் தரப்பின் எதிர்பார்ப்பு. அமெரிக்க அங்கக நெறிகளில், குடிநீருக்கான வரம்பாகிய லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் குளோரின் சேர்த்துக் கழுவினால், இறுதியில் அந்த வரம்புக்கு உட்பட்ட நீரால் மீண்டும் அலசியாக வேண்டும். பெரிய பொதிகூடத்தில் இது இயந்திரத்தில் ஒரு குழாயைக் கூட்டுவதோடு முடியும். கையால் கழுவுகிற இடத்தில் இரண்டு தொட்டி, இரண்டு மடங்கு நீர், இரண்டு பதிவேடு.

வேலிப் புதர்களுக்கும் மரவரிசைகளுக்கும் நேர்ந்ததுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. 2006-இல் கலிபோர்னியாவில் விளைந்து பைகளில் அடைக்கப்பட்ட ஸ்பினாச் கீரை வழியே பரவிய ஈ.கோலை கிருமி, 26 மாநிலங்களில் ஏறத்தாழ 200 பேரை நோயில் தள்ளியது, சிலர் இறந்தார்கள். அந்தக் கீரை விளைந்த நிலம் இயற்கை முறைக்கு மாறிக்கொண்டிருந்த ஒன்று. சுற்றுப்புறத்தில் மாட்டுச் சாணத்திலும் காட்டுப்பன்றிக் கழிவிலும் ஆற்று நீரிலும் அதே கிருமி கண்டறியப்பட்டது. ஆனால் அது கீரைக்கு எந்த வழியில் வந்தது என்பது இறுதிவரை உறுதியாக நிறுவப்படவில்லை. வழி தெரியாதபோது எல்லா வழியையும் அடைப்பதுதானே நிர்வாகத்தின் இயல்பு! கொள்முதல் நிறுவனங்கள் வயலோரப் புதர்களை அகற்றச் சொன்னார்கள், விலங்குகள் நுழையாதபடி வேலி போடச் சொன்னார்கள், ஓடைக்கரைச் செடிகொடிகளை வெட்டி வெறுந்தரையாக்கச் சொன்னார்கள். பூச்சிகளைத் தின்னும் பறவைக்கும் வண்டுக்கும் இடம் கொடுப்பதற்காக அந்தப் புதர்களை நட்டு வளர்த்தவர்கள் இயற்கை உழவர்கள். நிலத்தின் இயற்கை வளத்தைக் காக்க வேண்டும் என்பது அவர்களுடைய சான்றின் நிபந்தனையும்கூட. ஒரு தணிக்கையாளர் வெட்டு என்கிறார், இன்னொருவர் ஏன் வெட்டினாய் என்கிறார். சில ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தப் பகுதியின் பரிசோதனைத் தரவுகளைக் கொண்டு 2015-இல் வெளியான ஆராய்ச்சி, செடிகொடிகளை அகற்றியதால் கிருமி குறைந்ததற்குச் சான்றில்லை என்றும், அகற்றிய இடங்களில் காலப்போக்கில் அது கூடவே செய்தது என்றும் கண்டது. வெட்டிய புதர்கள் வெட்டியவைதான்.

இவ்வளவு சொன்ன பிறகு, எங்கள் தரப்பில் சிலர் சொல்லிவரும் ஒன்றையும் மறுக்க வேண்டும். இயற்கையாக விளைந்தது தானாகவே பாதுகாப்பானது, சிறு பண்ணையிலிருந்து நோய் வராது என்ற பேச்சு உண்மையன்று. 2011-இல் செருமனியில் முளைகட்டிய தானியங்கள் மூலம் பரவிய ஈ.கோலை நோயில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கிட்டத்தட்ட 4,000 பேர் நோயுற்றனர். தடம் போய் நின்றது ஓர் இயற்கை வேளாண் முளைப்பயிர்ப் பண்ணையில்; எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தய விதையே மூலமாக இருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. பூச்சிக்கொல்லி இல்லாமை வேறு, கிருமி இல்லாமை வேறு. மட்காத சாணத்தில் நோய்க்கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. கிருமிக்குப் பண்ணையின் பரப்பளவோ உழவரின் நல்லெண்ணமோ தெரியாது. சிறு பண்ணைகளால் பெரிய நோய்ப்பரவல் வந்ததாகக் கணக்கில்லையே என்று வாதிடுவோரும் உண்டு. ஒரு சிறு விற்பனையாளரிடம் வாங்கிய ஐந்தாறு பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தால், அது எந்தச் சுகாதாரத் துறையின் கண்ணிலும் ஒரு கூட்டமாகப் படாமல் போகவே வாய்ப்பு அதிகம். கணக்கில் வராமை பாதுகாப்புக்குச் சான்றாகாது.

அதே செருமானியச் சம்பவம் எதிர்ப்பக்கப் பாடமும் தருகிறது. மூலம் கண்டறியப்படும் முன்பே ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்மேல் பழி விழுந்தது. அறிவிப்பு வந்த சில நாட்களில் அந்த உழவர்களின் விளைச்சல் வாங்க ஆளின்றிக் கிடந்தது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் காய்கறி உழவர்களுக்கு 21 கோடி யூரோ இழப்பீடு ஒதுக்க வேண்டியதாயிற்று. பெரிய நிறுவனம் இத்தகைய அடியைத் தாங்கிக்கொண்டு மறு ஆண்டு எழுந்துவிடும். ஒரு பருவத்து வருவாயில் வாழ்பவருக்கு அது கடைசி ஆண்டாகவும் இருக்கலாம். நோயை எச்சரிக்க அரசுக்கு அதிகாரம் கொடுக்கும் சட்டம், தவறான எச்சரிக்கைக்கு யார் பொறுப்பு என்பதையும் எழுதியிருக்க வேண்டும்; பெரும்பாலான சட்டங்களில் அந்தப் பக்கம் மெலிந்தே இருக்கிறது.

இனி விலக்குகளைப் பற்றி. சட்டம் செய்தவர்கள் சிறியவர்களை முற்றிலும் மறந்துவிட்டார்கள் என்று சொல்வது நியாயமாகாது. அமெரிக்கச் சட்டத்தில், அப்போது மொன்டானா மாநிலத்தின் செனட்டராக இருந்தவரும் தாமே இயற்கை வேளாண்மை செய்பவருமான ஜான் டெஸ்டர், சக செனட்டர் கே ஹேகனுடன் சேர்ந்து கொண்டுவந்த திருத்தம் குறிப்பிடத்தக்கது. மூன்று ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 5 இலட்சம் டாலருக்குக் குறைவாக விற்று, அதில் பாதிக்கு மேல் நேரடியாக உண்பவருக்கோ, அதே மாநிலத்திலோ 275 மைலுக்குள்ளோ இருக்கும் உணவகம், சில்லறைக் கடைக்கோ விற்கும் பண்ணை, விதிகளின் பெரும்பகுதியிலிருந்து விலக்குப் பெறும். ஆனால் பண்ணையின் பெயரையும் முகவரியையும் வாங்குபவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். நோய்ப்பரவலோடு தொடர்பு தெரியவந்தால் விலக்கைத் திரும்பப் பெறலாம். சலுகையும் பொறுப்பும் ஒன்றாகப் பின்னப்பட்ட இந்த அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஐரோப்பிய ஒழுங்குமுறையும், உற்பத்தியாளர் தம் விளைபொருளைச் சிறு அளவில் நேரடியாக உண்பவருக்கோ உள்ளூர்ச் சில்லறை விற்பனையாளருக்கோ கொடுப்பதைத் தன் வரம்புக்கு வெளியே வைத்து, அதற்கான நெறியை வகுப்பதை உறுப்பு நாடுகளிடம் விட்டிருக்கிறது.

இந்தியாவின் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. அதன் 18-ஆவது பிரிவு, உழவருக்கும் மீனவருக்கும் பண்ணைச் செயல்பாடுகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்றே சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே உழவர் தம் விளைச்சலைக் காயவைத்து, அரைத்து, புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கிய கணமே அவர் உணவு வணிகராகிவிடுகிறார். பதிவு, விவரச்சீட்டு, தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் வந்து சேர்கின்றன. சிறு பண்ணையில் மிச்சம் என்று ஏதாவது நிற்பது இந்த மதிப்புக்கூட்டிய பொருளில்தான். விலக்கு இருப்பது வருமானம் குறைவாக உள்ள பக்கத்தில். விதி இருப்பது வருமானம் உள்ள பக்கத்தில். அங்கக உணவுக்கென்று 2017-இல் வந்த ஒழுங்குமுறை, ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய்க்கு மிகாத விற்றுமுதல் உள்ள சிறு உற்பத்தியாளர் நேரடியாக உண்பவருக்கு விற்றால் சான்று தேவையில்லை என்கிறது. அதே விளைபொருளை அவர் வேறொரு கடைக்காரரிடம் கொடுத்தால் அந்த விலக்கு அங்கேயே நின்றுவிடுகிறது. நேரில் விற்பதற்கு நகரத்தின் அருகில் நிலம் வேண்டும், வாரத்தில் சில நாள் வயலை விட்டு வர ஆள் வேண்டும், வாகனம் வேண்டும். இவை இல்லாதவரே எண்ணிக்கையில் அதிகம். அவர்களுக்கு இந்த விலக்கு காகிதத்தில் மட்டுமே இருக்கிறது.

தொகையை வைத்து வரையும் எந்த வரம்பிலும் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வரம்புக்கு ஒரு ரூபாய் கீழே இருப்பவருக்கு ஏறத்தாழ எதுவும் இல்லை. ஒரு ரூபாய் மேலே போனவருக்கு எல்லாம் உண்டு. விலைவாசி ஏற வரம்பு ஏறாவிட்டால், பண்ணை வளராமலேயே உழவர் வரம்பைத் தாண்டிவிடுவார். அமெரிக்கத் திருத்தம் அந்தத் தொகையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக்கொள்ள வழி செய்திருக்கிறது. மற்ற சட்டங்களும் இதைப் பின்பற்றலாம். வரம்பைத் தாண்ட அஞ்சி விளைச்சலைக் குறைத்துக்கொண்டவர்களையும், குடும்பத்துக்குள் பண்ணையைக் காகிதத்தில் பிரித்துக்கொண்டவர்களையும் நான் அறிவேன். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டத்தில் உள்ள விலக்கைச் சந்தை மதிப்பதில்லை என்பது இதைவிடப் பெரிய துயரம். பெரிய அங்காடிகளும் கொள்முதல் நிறுவனங்களும் சட்டம் கேட்காததையெல்லாம் தம் ஒப்பந்தத்தில் கேட்கின்றன. மூன்றாம் தரப்புத் தணிக்கைச் சான்று இல்லாமல் ஒரு பெட்டிகூட இறங்காது. அந்தத் தணிக்கையின் தரம் என்ன? 2011-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் விளைந்த முலாம்பழத்தில் லிஸ்டீரியா கிருமி கலந்து 33 பேர் இறந்தார்கள். பொதிகூடத்தின் தரையில் நீர் தேங்கியிருந்ததும், முன்பு உருளைக்கிழங்குக்குப் பயன்பட்ட, சுத்தம் செய்யக் கடினமான இயந்திரத்தில் பழம் கழுவப்பட்டதும் பின்னர் விசாரணையில் தெரியவந்தன. அந்த நோய்ப்பரவல் தொடங்கிய அதே கோடையில்தான் ஒரு தனியார் தணிக்கை அந்தப் பொதிகூடத்துக்கு நூற்றுக்கு 96 மதிப்பெண் கொடுத்திருந்தது. பண்ணையாரிடமே கட்டணம் வாங்கிக்கொண்டு, சில மணி நேரத்தில் பெட்டிகளில் குறியிட்டுவிட்டுப் போகும் தணிக்கையை நம்பித்தான் சிறு உழவரைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறோம்.

எனவே சட்டம் வகுப்பவர்களிடமும் அதைச் செயல்படுத்தும் அதிகாரிகளிடமும் நான் கேட்பது விலக்கை அகலமாக்கிக்கொண்டே போவதை அன்று. விதி ஆபத்தைப் பின்தொடர வேண்டும். பச்சையாக உண்ணும் இலையும் முளைப்பயிரும் விளைவிக்கும் இடத்தில், பண்ணை எவ்வளவு சிறியதானாலும், நீரும் எருவும் கைத்தூய்மையும் கண்டிப்பாகப் பார்க்கப்படட்டும். வேகவைத்தே உண்ணும் காய்க்கும் உமியோடு இருக்கும் தானியத்துக்கும் அதே கெடுபிடி எதற்கு? ஒரே நாளில் நூறு வயல்களின் விளைச்சலைக் கலந்து நெடுந்தொலைவுக்கு அனுப்பும் கூடத்தில் ஒரு வயலின் கிருமி ஆயிரம் தட்டுகளுக்குப் போகும். அந்தக் கலக்கும் இடத்தில்தான் பரிசோதனையும் பதிவேடும் அடர்த்தியாக இருக்க வேண்டும். எதைச் செய்ய வேண்டும் என்பதற்கு மாறாக எது நடக்க வேண்டும் என்பதை விதி சொல்லட்டும்: கைகழுவும் நீர் தூயதாக இருக்க வேண்டும் என்றால் போதும், இன்ன அளவு எவர்சில்வர் தொட்டி என்று எழுத வேண்டியதில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே 2015-இல் ஆற்று நீருக்கும் குளத்து நீருக்கும் தொடக்கத்தில் 20 மாதிரிகள் என்று எழுதிய எண்ணிக்கைக் கணக்கை 2024-இல் கைவிட்டு, நீர் எங்கிருந்து வருகிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது, எந்த முறையில் பாய்ச்சப்படுகிறது என்று ஆண்டுதோறும் பண்ணையாரே மதிப்பிடும் முறைக்கு மாறியிருக்கிறது. தாமதமாக வந்தாலும் சரியான திசை.

கட்டணமும் அளவுக்கேற்ப இருக்க வேண்டும். பிரித்தானியாவில் இறைச்சிக்கூட ஆய்வுக்கு ஆய்வாளரின் நேரத்தை வைத்துக் கட்டணம் வாங்கியபோது சிறு கூடங்கள் நசிந்தன. 2001-இல் அது அறுக்கப்படும் கால்நடைகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடும்படி சிறியவர்களுக்கு மாற்றப்பட்டது. நீர்ப் பரிசோதனைக்கும் சான்றுக்கும் இதே கணக்கைக் கொண்டுவருவதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. சான்றைக் குழுவாகப் பெறும் வழி ஏற்கெனவே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் நடைமுறையில் உள்ள அங்கக ஒழுங்குமுறை, சிறு உழவர்கள் 2,000 பேர் வரை ஒரே குழுவாகச் சான்று பெற இடம் தருகிறது. இந்தியாவின் பங்கேற்பு உத்தரவாத முறையில் உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் பண்ணையை மற்றவர் சோதிக்கிறார்கள். அங்ககச் சான்றுக்கு ஏற்கப்பட்ட இந்த ஏற்பாட்டை உணவுப் பாதுகாப்புப் பதிவேட்டுக்கும் நீட்டினால், ஒரே கிணற்றிலோ ஒரே வாய்க்காலிலோ பாய்ச்சும் பத்துப் பேர் ஒரே பரிசோதனை முடிவைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரே பயிற்சியில் உட்காரலாம். முதல் வருகையில் ஆய்வாளர் அபராதச் சீட்டை எடுக்காமல் குறைகளை எழுதிக் கொடுத்து அவகாசம் தருவதும் சட்டத்திலேயே இடம்பெற வேண்டும். ஆய்வாளரின் பெருந்தன்மைக்கு அதை விட்டுவைக்கக் கூடாது.

பக்கத்து வயலில் தெளித்த பூச்சிமருந்து காற்றில் வந்து இயற்கை உழவரின் பயிரில் படிந்தால், எச்ச வரம்பைத் தாண்டியதற்கு இவரே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தெளித்தவருக்கு ஒரு கடிதம்கூடப் போவதில்லை. இதைத் தனியாக விரிவாக எழுத வேண்டும். இங்கே குறிப்பிட்டு மட்டும் விடுகிறேன்.

கடைசியாக ஒரு நடைமுறை வேண்டுகோள். 2013-ஆம் ஆண்டின் அமெரிக்க வரைவு திருத்தப்பட்டதற்குக் காரணம், கருத்துக் கூறும் கால அவகாசம் பலமுறை நீட்டிக்கப்பட்டதும், அந்த இடைவெளியில் ஆயிரக்கணக்கான உழவர்களும் அமைப்புகளும் எழுதியதும்தான். 2014 செப்டம்பரில் வரைவின் முக்கியப் பகுதிகள் மாற்றி மீண்டும் வெளியிடப்பட்டன. உணவுப் பாதுகாப்பு விதி வரைவுகள் உழவர் படிக்கும் மொழியில், அறுவடைக் காலம் நீங்கலாக, போதிய அவகாசத்தோடு வெளியிடப்பட வேண்டும். ஆங்கிலத்தில் இணையத்தில் ஏற்றிவிட்டு முப்பதோ அறுபதோ நாளில் ஆட்சேபம் வரவில்லை என்று முடித்துக்கொள்வது கருத்துக் கேட்பு ஆகாது. வரைவு வெளியாகும்போது அதன் சாரத்தைத் தங்கள் நாளிதழ் வேளாண் பக்கத்தில் வெளியிட்டு, எந்த முகவரிக்கு எந்தத் தேதிக்குள் எழுத வேண்டும் என்பதையும் சேர்த்துத் தருமானால், எழுதத் தெரிந்த உழவர்கள் நிச்சயம் எழுதுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர் ஒருவர்